நீர்யானையின் இரண்டு முகங்கள்

சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மிருகக்காட்சிசாலையின் வாசல் காவலாளியிலிருந்து புலிக் கொட்டடி கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவள் தாடை அக்காதான். அந்தப் பட்டத்தை அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள். அப்பாவின் ஸ்டுடியோவில் ஏழு வருடம் பாஸ்போர்ட் படம் எடுத்தவள். ஸ்டூலில் வந்து உட்காருகிறவர் வக்கீலானாலும் சரி, வாத்தியாரானாலும் சரி, "தாடையக் கொஞ்சம் இறக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். அது நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. இங்கே வேலைக்கு வந்த முதல் நாள், அதிகாரிகள் நாலு பேர் சுற்றி நிற்க, ஒட்டகத்தைப் பார்த்தும் அதையே சொன்னாள். ஒட்டகம் இறக்கியது. கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்ய இன்றைக்கும் ஆள் உண்டு. அதில் மூன்று பேர் அன்றைக்கு லீவில் இருந்தவர்கள்.

அது ஃபிலிம் சுருள் காலம். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு படம். முப்பத்தேழாவது கிடைத்தால் அன்றைய பொழுது நல்ல பொழுது. எடுத்த படம் எப்படி வந்திருக்கிறது என்று தெரிய மறுநாள் வரை மனசைக் கட்டிப்போட வேண்டும். மிருகங்களுக்கு அடையாளச் சில்லு பொருத்துவதெல்லாம் பிறகு வந்த வசதி. அப்போது ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம், பக்கத்தின் மேல் மூலையில் ஒரு படம், அவ்வளவுதான். அவளுக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் எல்லா மிருகத்தையும் பக்கவாட்டில் நிற்கவைத்து, கூட்ஸ் வண்டிப் பெட்டியைப் படம் பிடிப்பது மாதிரிப் பிடித்து வைத்திருந்தார். இவள் முகத்தை எடுத்தாள். முகத்தை மட்டும்.

"என்னம்மா இது? அடையாளத்துக்குப் படம் கேட்டா, எல்லாம் சினிமாவுல சான்ஸ் கேக்குற மாதிரி உக்காந்திருக்கு," என்றார் அன்றைய கண்காணிப்பாளர்.

"அடையாளம் மூஞ்சியிலதானே சார் இருக்கு. உங்களைப் பக்கவாட்டுல எடுத்தா உங்க வீட்ல கண்டுபிடிப்பாங்களா?"

அவர் தன் தொந்தியைக் குனிந்து பார்த்துவிட்டு, கண்டுபிடிப்பார்கள் என்றார். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். பிறகு அதே படங்களைப் பெரிதாக்கிக் கூண்டுகளுக்கு முன்னால் பலகைகளில் மாட்டச் சொன்னதும் அவர்தான். ஜனங்கள் உள்ளே தூங்கும் கரடியை விட்டுவிட்டு வெளியே இருந்த கரடிப் படத்தின் முன் நின்று பேசிக்கொண்டிருந்ததை அந்த வட்டாரமே பார்த்தது.

அவளுடைய வேலைமுறை எளிமையானது, உடம்புக்குத்தான் கஷ்டம். எந்த மிருகமோ அதன் கண் உயரத்துக்குத் தானும் போய்விடுவாள். முதலைக்குத் தரையில் குப்புறப் படுப்பாள். ஒட்டகச்சிவிங்கிக்கு மரக்கிளை வெட்டுகிறவர்களின் ஏணியை இரவல் வாங்குவாள். கம்பி வலையோடு லென்ஸை ஒட்டிவைத்து அதன் துவாரத்தை அகலத் திறந்துவிட்டால் வலை படத்தில் விழாது. இருந்த இடமே தெரியாமல் கரைந்துபோகும். ஃப்ளாஷ் போடவே மாட்டாள். அப்புறம் காத்திருப்பாள். மிருகம் முதலில் அவளைப் பார்க்கும், பிறகு கேமராவைப் பார்க்கும், பிறகு சலித்துப்போய்த் தன் பாட்டுக்குத் தன் யோசனையில் இறங்கும். அந்த நிமிஷம்தான் அவளுக்கு வேண்டியது. நெருப்புக்கோழி ஒருமுறை சலித்துப்போகாமல் லென்ஸ் மூடியை விழுங்கிவிட்டது. மூன்றாம் நாள் மூடி திரும்பக் கிடைத்தது. எப்படி என்று கேட்கக்கூடாது. கழுவித் துடைத்து அதையேதான் இன்னும் ஒன்பது வருடம் பயன்படுத்தினாள்.

வீட்டுக்காரர் தையல்காரர். முழங்காலிலும் முழங்கையிலும் இரட்டைத் துணி வைத்து, எட்டு பை போட்டு, அவளுக்கென்று ஒரு உடுப்பு தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் கிளம்பிய முதல் நாள் மாமியார் வாசல்வரை வந்து பார்த்தாள்.

"மருமக புலியப் பாக்கப் போறாளாம். புலி பயந்துடாம இருக்கணும்."

"உங்களப் பாத்தே பயப்படாம இருக்கேன் அத்தை, புலி என்னப் பாத்துப் பயப்படுமா?"

மாமியார் உள்ளே போய்ச் சிரித்தாள். வெளியே சிரித்தால் மரியாதை போய்விடும் என்பது அவள் கணக்கு.

இருட்டறை என்று தனியாக ஒன்றும் தரவில்லை. பழைய மருந்து அறை ஒன்றின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்துக்கொண்டாள். படம் கழுவும் தட்டுகளுக்குப் பக்கத்திலேயே யானையின் பேதி மருந்து பீப்பாயில் இருக்கும். அங்கேதான் பரீட்சையும் நடக்கும்.

பரீட்சை அவளாக வைத்துக்கொண்ட ஏற்பாடு. எந்தப் படத்தையும் பதிவேட்டில் ஒட்டுவதற்கு முன்னால், பெயரை மறைத்து, அந்த மிருகத்தை வளர்க்கிற பராமரிப்பாளரிடம் நீட்டுவாள். அவர் ஒரு மூச்சுக்குள் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். யோசித்தார் என்றால் படம் தேறவில்லை. அவர் கண்ணெதிரிலேயே கிழித்துவிடுவாள். கிழிப்பதைப் பார்க்கவென்றே சிலர் வேண்டுமென்று யோசித்தார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தப் பரீட்சையில் அவளை அதிகம் தோற்கடித்தவர் குழாய் அண்ணன். நீர்யானைக் குளத்தின் பொறுப்பு அவருடையது; குளத்தை விட்டு வரமாட்டார், பரீட்சைப் படம்தான் அவரைத் தேடிப் போகும். தோளில் எப்போதும் ரப்பர் குழாய் கிடப்பதால் அந்தப் பெயர். அவளைவிட ஐந்தாறு வயது மூத்தவர், பேச்சை எண்ணித்தான் செலவழிப்பார். அவரிடம் இரண்டு பெண் நீர்யானைகள், ஒரு தாய் பெற்ற சகோதரிகள். மூத்தவள், இளையவள். பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே அச்சு, குளத்தில் மிதக்கும் இரண்டு பாறைகள். இளையவள் பிறந்த வாரமே தாய் இறந்துபோக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பால் புகட்டி அதை ஆளாக்கியவர் அவர்.

முதல் படத்தை அவரிடம் காட்டியபோது ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நீர்யானை," என்றார்.

"அது எனக்கும் தெரியும்ணே. எது?"

"எதுவும் இல்ல தங்கச்சி. சும்மா ஒரு நீர்யானை. எங்க வீட்டுப் பிள்ள இல்ல."

அவள் கிழித்தாள். அடுத்ததையும் கிழித்தாள். பதினொரு தரம் கிழித்தாள். எரிச்சலில் ஒருநாள் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் குளக்கரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. மூத்தவள் தண்ணீரிலிருந்து எழும்போது முதலில் மூக்கு வரும், பிறகு காது, கடைசியில்தான் கண். உலகம் எப்படியிருந்தாலும் பரவாயில்லை, மணம் நன்றாக இருக்கிறதா என்று கேட்கிற முகம். இளையவளுக்கு முதலில் கண் வரும். வந்ததும் கரையில் யாரையோ தேடும். தேடிக் கிடைத்த பிறகுதான் மூக்கு.

பன்னிரண்டாவது படத்தை நீட்டியதும் குழாய் அண்ணன் கையில்கூட வாங்கவில்லை. "இளையவ," என்றார். கொஞ்சம் பொறுத்து, "பசியோட இருக்கா, பத்து மணி இருக்கும்," என்றார். அவள் தன் குறிப்பேட்டைப் புரட்டினாள். பத்து அடிக்க ஐந்து நிமிஷம்.

அதற்குப் பிறகு மிருகம் எதுவானாலும் கடைசிப் பரீட்சை அவரிடம்தான். நரியோ கழுகோ, அவருக்குச் சம்பந்தமே இல்லாத கொட்டடியாக இருக்கட்டும், ஒவ்வொரு சுருளும் கழுவியதும் ஈரம் காயாத படங்களை அட்டையில் செருகிக்கொண்டு குளத்துக்கு நடப்பாள். அவர் குழாயை மூடிவிட்டுப் பார்ப்பார். "இதுக்குப் பல் வலி," என்பார். "இது யார் மேலயோ கோபமா இருக்கு." பலகையின் முன் நின்று ஆகா என்றவர்கள் ஆயிரம் பேர். அவள் எடுத்ததை அவள் எடுத்தபடி படித்தவர் அந்த ஒரு மனிதர்தான். பதினாறு வருடம் இப்படிப் போயிற்று. அவர் மனைவி காலமானது, மகள் கல்யாணமாகிப் போனது, தாடை அக்காவின் மாமியார் கண்ணை மூடியது, எல்லாம் அந்தக் குளக்கரைப் பேச்சுக்கு நடுவில்தான் வந்துபோயின.

பதினேழாவது வருடம் அந்த உத்தரவு வந்தது. நாலு நாள் பயணத் தொலைவில் இருந்த வேறொரு மிருகக்காட்சிசாலையில் ஆண் நீர்யானை ஒன்று தனியாக இருந்தது. ஜோடிக்கு ஒரு பெண்ணைக் கேட்டிருந்தார்கள். மூத்தவளுக்கு வயது கடந்துவிட்டது, ஆகவே இளையவள். பதிவேட்டிலிருந்து அவள் படத்தின் நகல் கோப்பில் ஏறிப் போய்விட்டது. அங்கிருந்து வருகிறவர்கள் அந்தப் படத்தை வைத்துச் சரிபார்த்து ஏற்றிக்கொள்வார்கள்.

குழாய் அண்ணன் புதிய கண்காணிப்பாளரிடம் போனார். பெரிய டாக்டர் என்று எல்லோரும் சொல்லும் இவர் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கெட்டவர் இல்லை, கோப்பில் இல்லாதது உலகத்தில் இல்லை என்று நினைப்பவர்.

"சார், அவ என் கையைத் தவிர வேற கையில சாப்பிட மாட்டா. மக கல்யாணத்துக்கு நான் பத்து நாள் லீவு போட்டுப் போனப்ப ஆறு நாள் வாயில ஒண்ணும் வைக்கல. ஏழாம் நாளே நான் ஓடி வரவேண்டியதாச்சு."

பெரிய டாக்டர் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அந்த வாரத்துக்கு நேரே 'உணவு சற்றுக் குறைவு' என்று எழுதியிருந்தது.

"பசிச்சா சாப்பிடும்ப்பா. மிருகந்தானே," என்றார்.

அன்று பகல் குழாய் அண்ணன் மருந்து அறைக்கு வந்தார். பதினாறு வருடத்தில் அவர் அங்கே வந்ததில்லை. எப்போதும் இவள்தான் குளத்துக்குப் போவாள். வாசலிலேயே நின்றார். தோளில் குழாய் இல்லாததால் வேறு யாரோ மாதிரி இருந்தார்.

"தங்கச்சி, பதிவேடு உன் கையிலதானே இருக்கு?"

"ஆமா."

"ரெண்டு படத்தையும் மாத்தி ஒட்டிடு. கோப்புல போனதும் தப்பான படம்னு சொல்லி, வேற ஒண்ணு அனுப்பிடு. மூத்தவ போகட்டும். அவ யார் கையிலயும் சாப்பிடுவா. அவளுக்கு நாலு நாள் பயணம் ஒரு பெரிய விஷயமே இல்ல. இவ வழியிலயே போய்டுவா."

அவள் கையிலிருந்த படத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாருக்குத் தெரியப்போகுது? பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

இதுதான் அவளைச் சுட்டது. இதை வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பாள்.

"நீங்க சொல்றீங்களாண்ணே இத? பதினொரு படத்தக் கிழிக்க வச்ச ஆளு நீங்க."

"அப்ப உன் படந்தான் பெருசு. அவ உசுரு பெருசில்ல."

சொல்லிவிட்டு நடந்துவிட்டார். அன்றைக்கு அவள் மூன்று சுருளைப் பாழாக்கினாள்.

வீட்டில் வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோத்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"மாத்தி ஒட்டினா கண்டுபிடிப்பாங்களா?"

"மாட்டாங்க. அதான் பயமா இருக்கு. கண்டுபிடிக்கலன்னா இத்தன வருஷம் நான் எடுத்ததுக்கு என்ன அர்த்தம்?"

"ஒட்டலன்னா?"

"அவ செத்துருவா. அவரும் மனுஷனா இருக்கமாட்டாரு."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உனக்குத் தெரிஞ்சது ஒரு வேலைதான். அதப் போய் எடு," என்றார். யோசனை சொன்னதாக அவர் நினைக்கவே இல்லை. தூங்கவேண்டும் என்பதற்காகச் சொன்னது.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குளக்கரையில் இருந்தாள். மூத்தவளுக்குக் காலில் புண்ணாகி, மருந்துக் கட்டோடு உள்கொட்டடியில் அடைத்திருந்தார்கள்; குளத்தில் இளையவள் மட்டும். குழாய் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அவள் குப்புறப் படுத்து ஆறு படம் எடுத்தாள். பிறகு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அவரிடம் போனாள்.

"அண்ணே, நாளையிலிருந்து மூணு நாள் லீவு போடுங்க. இந்தப் பக்கமே வராதீங்க."

"எதுக்கு?"

"அவளப் பட்டினி போடப்போறோம்."

அவர் குழாயோடு அவள் பக்கம் திரும்பினார். கோபத்தில் அடித்துவிடுவாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அவர் குழாயின் வாயைத் திருகி மூடிவிட்டு, லீவு எழுதிக் கொடுக்கப் போனார்.

அந்த மூன்று நாளும் மாற்று ஆள் ஒருவர் முட்டைக்கோசும் பூசணியும் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார். இளையவள் எழுவாள். கண் வரும். கரையைத் தேடும். மூக்கு வராமலே மறுபடி அமிழ்ந்துவிடுவாள். கூடை அப்படியே திரும்பிப் போகும். தாடை அக்கா அதே எட்டு மணிக்கு, அதே இடத்தில், அதே உயரத்தில் படுத்து எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள், கேமராவை வைத்துவிட்டுத் தானே ஒரு பூசணித்துண்டை நீட்டிப் பார்த்தாள். இளையவள் அவளைத் தாண்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் கண்கூட வர நேரமானது. அன்றைக்கு அவளுக்கும் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர், வீட்டில் இன்னொரு நீர்யானையா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

நாலாம் நாள் காலை குழாய் அண்ணன் ஓட்டமாக வந்தார்; இளையவள் ஒரே மூச்சில் பன்னிரண்டு கோஸ் தின்றாள். அதைப் பார்க்கத் தாடை அக்கா நிற்கவில்லை. பெரிய டாக்டரின் மேஜையில் இரண்டு படங்களை வைத்துக்கொண்டிருந்தாள், பெயர் மறைத்து.

"சொல்லுங்க சார். எது மூத்தவ, எது இளையவ?"

"எனக்கே பரீட்சையா?" என்று சிரித்தபடி அவர் கண்ணாடியை மாட்டினார். படித்த மனிதர். சாவகாசமாகப் பார்த்தார். "இது சின்னது. தெளிவா இருக்கு. இது பெருசு, வயசாகித் தளர்ந்துபோன முகம். என்னம்மா, சரியா?"

"ரெண்டும் இளையவதான் சார்."

அவர் படத்தைக் கீழே வைத்தார்.

"இது அவரு இருந்த அன்னிக்கு. இது அவரு வராத மூணாம் நாள். ஒரே சுருள், இதோ நெகட்டிவ், வெட்டாம வச்சிருக்கேன்."

"நீ மூத்ததையும் சேத்து எடுத்திருந்தா?"

"மூத்தவ அந்த நாலு நாளும் உள்ள கட்டோட இருந்தா சார். வெளியே விடக்கூடாதுன்னு எழுதின சீட்டுல கையெழுத்து உங்களோடது."

பெரிய டாக்டர் சன்னல் பக்கம் போய் இரண்டாவது படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மேஜைக்குத் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார். மூன்று நாளில் முப்பது வயது ஏறியிருந்த அந்த முகத்தை அவரால் சட்டென்று கீழே வைக்க முடியவில்லை.

"உத்தரவ நிறுத்த முடியாதும்மா," என்றார் கடைசியில். "ஆனா தனியா அனுப்பமாட்டேன். அவரையும் கூட அனுப்பறேன். போயிட்டு வர்றதுக்கு இல்ல, அங்கயே மாத்தலா. நானே பேசறேன்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. இளையவள் இங்கேயே இருந்துவிடுவாள் என்றுதான் கனவு கண்டுகொண்டிருந்தாள். நன்றி சொன்னாள், படங்களை அட்டையில் செருகினாள், வெளியே வந்து ஒட்டகத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். தன் கையாலேயே தன் குளக்கரையைக் காலிசெய்துவிட்டது புரிந்தது.

குழாய் அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவள் எடுக்கவில்லை. கேமரா கையில் இல்லை.

"எனக்கு இங்க யாரு இருக்கா தங்கச்சி? மகளும் தூரத்துல. நான் போறேன்."

"போங்கண்ணே," என்றாள். "நல்லபடியா போங்க."

"அன்னிக்கு நான் சொன்னத மனசுல வச்சுக்காத."

"என்ன சொன்னீங்க? எனக்குத்தான் நேத்து பேசினது இன்னிக்கு மறந்துருமே."

ஏற்றுகிற அன்று வந்த ஆட்கள் கோப்புப் படத்தையும் குளத்தையும் உள்கொட்டடியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, எது என்று அவரிடமே கேட்டார்கள். மரப்பெட்டிக்குள் இளையவளை நுழைக்கக் கயிறும் எட்டு ஆட்களும் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றும் தேவைப்படவில்லை. குழாய் அண்ணன் முதலில் தானே உள்ளே போய், கடைசிப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கோஸை உரித்துத் தானே தின்ன ஆரம்பித்தார். நாலாவது இலைக்கு இளையவள் உள்ளே இருந்தாள்.

பன்னிரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. தாடை அக்கா வழக்கம்போல் சுருள் கழுவினாள், வழக்கம்போல் அட்டையில் செருகினாள்; மருந்து அறை வாசல்வரை வந்து நின்று, எங்கே போவது என்று தெரியாமல் திரும்பினாள். பதிமூன்றாம் நாள் அலுவலகப் பையன் ஒரு அஞ்சலட்டை கொடுத்தான். அதில் இருந்தது இரண்டே வரி. 'வழி நெடுக சாப்பிட்டா. நானும் சாப்பிட்டேன்.'

அவள் நேராகக் குளத்துக்குப் போனாள். கால்கட்டு அவிழ்த்து மூத்தவளைத் தண்ணீரில் விட்டிருந்தார்கள். புதிய பராமரிப்பாளர் கோஸ் கூடையைக் கரையில் வைத்துவிட்டு எங்கோ போயிருந்தார். இந்தப் பன்னிரண்டு நாளில் மூத்தவளைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. யார் கையிலும் சாப்பிடுகிறவளைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

கம்பியோரம் முட்டிபோட்டு, அஞ்சலட்டையைச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். மூத்தவள் மூக்கை எழுப்பினாள், காதை எழுப்பினாள், கண்ணை எழுப்பினாள். பிறகு ஒரு சோபாவை வைக்கிற அளவுக்கு வாயைத் திறந்தாள். தாடை அக்கா கூடையிலிருந்து ஒரு கோஸை எடுத்து உள்ளே போட்டாள். போன இடம் தெரியவில்லை. வாய் திறந்தபடியே இருந்தது. கூடையில் இன்னும் நிறைய இருந்தன.